ஸ்கைரிம்ல மாட் போட ஆரம்பிக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஸ்கைரிம் கேம்ல புதுசா மாட் (ரசிகர்கள் பண்ணி வெளியிடற, கேம மாத்தற ஃபைல்கள்) போட வர்றவங்க கிட்ட இருந்து திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். பிசில ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் வச்சிருக்கறவங்கள மனசுல வச்சு எழுதினது. மேல இருந்து வரிசையா படிங்க, கீழ வர்ற பதில் நிறைய மேல சொன்னத வச்சுதான் போகும்.

ஸ்கைரிம்ல மூணு நாலு எடிஷன் இருக்கே, மாட் போட எது நல்லது?

2011 நவம்பர்ல வந்த பழைய ஸ்கைரிம் 32-பிட், அதைத்தான் லெஜண்டரி எடிஷன், ஓல்ட்ரிம்னு எல்லாம் சொல்றாங்க. 2016 அக்டோபர்ல வந்த ஸ்பெஷல் எடிஷன் 64-பிட், மெமரிய நல்லா பயன்படுத்தும், இன்னைக்கு வர்ற புது மாட் கிட்டத்தட்ட எல்லாமே இதுக்குத்தான். 2021ல வந்த ஆனிவர்சரி எடிஷன்ங்கறது தனி கேம் இல்ல, அதே ஸ்பெஷல் எடிஷன்தான், கூட கிரியேஷன் கிளப்னு கேம் கம்பெனி வித்த கூடுதல் சமாச்சாரங்கள் சேர்த்து விக்கறாங்க, அவ்ளோதான். ஸ்பெஷல் எடிஷன் கையில இருந்தா போதும்.

எந்தக் கடைல வாங்கறீங்கங்கறது முக்கியம். ஸ்டீம்ல வாங்கினா தொந்தரவு கம்மி. ஜிஓஜிலயும் ஓகே, ஆனா கீழ சொல்லப்போற, நிறைய மாட்களுக்கு அடிப்படையான எஸ்கேஎஸ்இங்கற டூலுக்கு அவங்களுக்குன்னு தனி டவுன்லோட் இருக்கு, அதைத்தான் எடுக்கணும். பிசி கேம் பாஸ்ல வர்ற ஸ்கைரிம்ல எஸ்கேஎஸ்இயே ஓடாது, அப்போ பாதி மாட் உங்களுக்கு இல்லன்னு ஆயிடும்.

மாட் போடாம ஒரு தடவை முடிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணுமா?

முடிக்க வேணாம், ஆனா சில மணி நேரமாவது சும்மா விளையாடுங்க. ஒரிஜினல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதான் நடுவுல ஏதாவது கோணலா தெரியும்போது அது மாட் பண்ற வேலையா, இல்ல கேம்லயே இருக்கற பழைய பிழையான்னு (பக்) உங்களால சொல்ல முடியும். இன்னொரு விஷயம், கேம ஒரு தடவையாவது அதோட லாஞ்சர்ல இருந்து திறந்தாதான் ஐஎன்ஐ ஃபைல்கள் (கேமோட செட்டிங்ஸ் இருக்கறது) உருவாகும், அதுக்கு முன்னாடி மாட் மேனேஜர (மாட்கள போட, எடுக்க உதவற புரோகிராம்) திறக்காதீங்க.

டவுன்லோட் பண்ணி கேமோட டேட்டா ஃபோல்டர்ல தூக்கிப் போட்டா போதாதா, எதுக்கு மாட் மேனேஜர்?

போட்டா வேலை செய்யும், எடுக்கத்தான் முடியாது. ஒரு டெக்ஸ்சர் (பொருள் மேல தெரியற படம்) மாட்ல நூத்துக்கணக்கான ஃபைல் இருக்கும், அது மேல இன்னொண்ணு காப்பி பண்ணிட்டா எது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. கடைசில கேமையே அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்றதுதான் வழி.

மேனேஜர்னா ரெண்டு புரோகிராம் பேரத்தான் பெரும்பாலும் சொல்லுவாங்க. மாட் ஆர்கனைசர் 2 ஒவ்வொரு மாடையும் தனித்தனி ஃபோல்டர்ல வச்சுட்டு, கேம் ஓடும்போது மட்டும் எல்லாம் டேட்டா ஃபோல்டர்ல இருக்கற மாதிரி காட்டும், உங்க ஒரிஜினல் ஃபோல்டர் சுத்தமாவே இருக்கும். அதனால கேம எப்பவுமே அதுக்குள்ள இருந்துதான் திறக்கணும், வெளியே இருந்து திறந்தா ஒரு மாடும் வராது (மாட் எதுவுமே வரலயேன்னு கேக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் காரணம்). வார்டெக்ஸ் ஹார்ட்லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு இடத்துலயும் ஒரு பேர்) போட்டு டேட்டா ஃபோல்டர்லயே கொண்டு வந்து வைக்கும், அதனால மாட் வைக்கற ஃபோல்டரும் கேமும் ஒரே டிரைவ்ல இருக்கணும். ரெண்டுமே நல்லதுதான். என்னைக் கேட்டா மாட் ஆர்கனைசர்தான், ஏன்னா எது எதை மறைக்குதுன்னு கண்ணுக்கு நேரா தெரியும், அது ஏன் முக்கியம்னு லோட் ஆர்டர் கேள்வில வருது.

எதை எடுத்தாலும் சரி, கேம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்க வேணாம். விண்டோஸ் அந்த ஃபோல்டர்ல எழுத விடாம தடுக்கும், டூல்ஸ் எல்லாம் சம்பந்தமே இல்லாத எரர் காட்டும். ஸ்டீம்ல வேற இடத்துல ஒரு லைப்ரரி ஃபோல்டர் உருவாக்கி அங்க போடுங்க.

எஸ்கேஎஸ்இ எஸ்கேஎஸ்இன்னு எல்லா மாட் பக்கத்துலயும் போட்டிருக்கே, அது என்ன?

ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். கேம்ல எது எப்போ நடக்கணும்னு சொல்ற ஸ்கிரிப்ட் மொழிக்கு, கேம் பண்ண பெத்தெஸ்டா கம்பெனி குடுக்காத நிறைய வசதிகளை இது சேர்க்குது. ஸ்கையூஐ மாதிரி மெனு மாட், புது சண்டை அனிமேஷன் மாட், பக் சரி பண்ற டிஎல்எல் (கேம் புரோகிராமோட சேர்ந்து ஓடற ஃபைல்) மாட் எல்லாத்துக்கும் இது அடிப்படை. ஜிப் ஃபைல திறந்து டிஎல்எல்லையும் லோடர் இஎக்ஸ்இயையும் கேமோட மெயின் ஃபோல்டர்ல போடணும், அதாவது ஸ்கைரிம் இஎக்ஸ்இ இருக்கற அதே இடம், டேட்டாக்குள்ள இல்ல. அதுக்கப்புறம் கேம திறக்கறது எப்பவும் அந்த லோடர் வழியாதான்.

இதுல எல்லாரும் தடுக்கி விழற இடம் வெர்ஷன். ஸ்கைரிம் இஎக்ஸ்இ மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல டீடெய்ல்ஸ் பாருங்க, 1.5.97, 1.6.640, 1.6.1170 இப்படி ஒரு நம்பர் இருக்கும். எஸ்கேஎஸ்இ அந்த நம்பருக்குன்னே பண்ணதா இருக்கணும், கிட்டத்தட்ட இருந்தா போதாது. அதே மாதிரி டிஎல்எல் மாட் நிறையத்துக்குத் தேவைப்படற அட்ரஸ் லைப்ரரின்னு ஒரு மாட் இருக்கு, அதுல 1.5க்கு ஒரு ஃபைல், 1.6க்கு ஒரு ஃபைல், உங்களோடதுக்கு எதுவோ அதை எடுங்க. உங்க வெர்ஷன் நம்பர ஒரு துண்டு சீட்டுல எழுதி ஸ்கிரீன் பக்கத்துல ஒட்டிக்கங்க, ஒவ்வொரு டிஎல்எல் மாட் எடுக்கும்போதும் அது தேவைப்படும்.

ஸ்டீம் அப்டேட் பண்ணிடுச்சு, இப்போ கேம் திறக்கவே மாட்டேங்குது. என்ன பண்றது?

கேம் இஎக்ஸ்இ மாறிடுச்சு, எஸ்கேஎஸ்இ பழசாவே இருக்கு, அதான். புது வெர்ஷனுக்கு எஸ்கேஎஸ்இ வந்திருந்தா அதையும், அட்ரஸ் லைப்ரரியையும், மத்த டிஎல்எல் மாட்களையும் அப்டேட் பண்ணுங்க. வரலன்னா பொறுமையா இருக்கணும், இல்ல பழைய இஎக்ஸ்இக்கு டவுன்கிரேட் பண்ணணும், அதுக்கும் மாட் எல்லாம் கிடைக்கற நெக்ஸஸ் சைட்ல பேட்ச்சர்னு டூல் இருக்கு.

இனிமே நடக்காம இருக்க, ஸ்டீம்ல கேமோட பிராப்பர்ட்டீஸ் போய் "லாஞ்ச் பண்ணும்போது மட்டும் அப்டேட் பண்ணு"ன்னு மாத்திடுங்க. நீங்க எஸ்கேஎஸ்இ லோடர் வழியா திறக்கறதால ஸ்டீமோட பிளே பட்டன தொடவே போறதில்ல. கூடவே, எல்லாம் நல்லா ஓடற ஒரு நாள்ல கேம் ஃபோல்டர அப்படியே காப்பி எடுத்து வேற இடத்துல வச்சிருங்க. அதை விட நல்ல இன்ஷூரன்ஸ் இல்ல.

முதல் முதல்ல எந்த மாட் போடறது?

அழகு பண்ற மாட் இல்ல, பக் சரி பண்ற மாட். எஸ்கேஎஸ்இ, அட்ரஸ் லைப்ரரி, எஸ்எஸ்இ எஞ்சின் ஃபிக்ஸஸ், யூஎஸ்எஸ்இபின்னு சொல்ற அன்அஃபிஷியல் பேட்ச், ஸ்கையூஐ, அப்புறம் கேம் திடீர்னு மூடிக்கும்போது விவரத்த எழுதி வைக்கற கிராஷ் லாகர் ஒண்ணு. இதோட நிறுத்தி, கேம திறந்து, புது கேம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரம் நடந்து பாருங்க. யூஎஸ்எஸ்இபியோட புது வெர்ஷன் புது கேம் வெர்ஷனத்தான் எதிர்பார்க்கும், பழைய 1.5.97ல இருக்கீங்கன்னா அதுக்கு ஏத்த பழைய யூஎஸ்எஸ்இபியத்தான் தேடணும்.

இதுக்கப்புறம் ரெண்டு மூணு மாட் போடறது, கேம திறந்து பாக்கறது, மறுபடி ரெண்டு மூணு. நாற்பது மாட ஒரே மூச்சுல போட்டுட்டு "கிராஷ் ஆகுது, எதுன்னு தெரியல"ன்னு கேட்டா யாராலயும் உதவ முடியாது. டெஸ்ட் பண்ண, கேம் ஆரம்பத்துல வர்ற ஹெல்கன் வண்டிப் பயணம் முழுக்க உக்காந்து பாக்க வேணாம், மெயின் மெனுலயே எஸ்கேப்புக்குக் கீழ இருக்கற கீய அமுக்கினா கன்சோல் வரும், சி-ஓ-சின்னு ஆங்கிலத்துல அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ரிவர்வுட்னு அடிங்க, நேரா அந்த ஊர்ல போய் நிப்பீங்க. அது டெஸ்டுக்கு மட்டும்தான், அப்படி ஆரம்பிச்ச கேம சேவ் பண்ணி விளையாடாதீங்க.

மாட் பக்கத்துல அவ்ளோ எழுதி வச்சிருக்காங்க, எல்லாத்தையும் படிக்கணுமா?

ஆமா, படிக்கணும். ரிக்வயர்மென்ட்ஸ் பகுதிய கண்டிப்பா. அதுக்கப்புறம் போஸ்ட்ஸ்ல ஆசிரியர் மேல பின் பண்ணி வச்சிருக்கறத. அவங்க சொந்த நேரத்தப் போட்டு காசு வாங்காம பண்ணிட்டு, எது எதோட ஒத்துப்போகாதுன்னும் எழுதி வைக்கறாங்க. அதைப் படிக்காம போய் "வேலை செய்யல"ன்னு மட்டும் போடறது அவங்களுக்கு செய்ற அநியாயம்.

லோட் ஆர்டர்னா என்ன? வரிசைய தானா அடுக்கற லூட் டூல ஓட்டினா போதுமா?

மாட்கள கேம் எந்த வரிசைல எடுத்துக்குதுங்கறதுதான் லோட் ஆர்டர். அடிப்படை விதி ஒண்ணுதான், கடைசியா லோட் ஆகறது ஜெயிக்கும். ரெண்டு மாட் ஒரே விஷயத்த மாத்தினா கேம் ரெண்டையும் கலக்காது, கீழ இருக்கறத எடுத்துக்கும், மேல இருக்கறத மறந்துடும். இதை மட்டும் மனசுல ஏத்திக்கிட்டா மாடிங்ல பாதி புரிஞ்ச மாதிரி.

ஆனா வரிசை ஒண்ணு இல்ல, ரெண்டு. மாட் ஆர்கனைசர்ல இடது பக்கம் இருக்கறது ஃபைல்களோட வரிசை, அதாவது டெக்ஸ்சர், மெஷ் (பொருளோட 3டி வடிவம்), ஸ்கிரிப்ட். ரெண்டு மாட்ல ஒரே பேர்ல ஒரு டெக்ஸ்சர் இருந்தா இடது பக்கம் கீழ இருக்கறதோடதுதான் தெரியும். வலது பக்கம் இருக்கறது பிளக்இன் வரிசை, இஎஸ்எம், இஎஸ்பி, இஎஸ்எல் ஃபைல்கள். ஒரு கத்தியோட டேமேஜ், ஒரு ஆளோட முடி, ஒரு வீட்ல எந்த நாற்காலி எங்க இருக்குங்கறது எல்லாம் இதுக்குள்ள ரெக்கார்டா இருக்கு. லூட் ஓட்டினா வலது பக்கம் மட்டும்தான் மாறும், இடது பக்கத்த அது தொடாது. இது தெரியாமதான் நிறைய பேர் லூட்ட திரும்பத் திரும்ப ஓட்டிட்டே இருக்காங்க.

லூட் நல்ல ஆரம்பம், மாஸ்டர் (ஒரு பிளக்இனுக்குத் தேவையான இன்னொரு பிளக்இன்) இல்லாதது, சேராத மாட் எல்லாத்தையும் எச்சரிக்கும். ஆனா உங்களுக்கு எந்த மாடோட மாற்றம் வேணும்ங்கறது அதுக்குத் தெரியாது, அதை நீங்கதான் முடிவு பண்ணணும்.

லூட் ஓட்டிட்டேன், ஆனா கேம்ல கூட வர்ற லிடியாவோட மூஞ்சி மட்டும் கருப்பா சாம்பல் மாதிரி இருக்கு, ஏன்?

ரொம்ப நல்ல கேள்வி, மேல சொன்ன ரெண்டு வரிசையும் இடிச்சுக்கற இடமே இதுதான். ஒரு ஆளோட மூஞ்சி ரெண்டு இடத்துல இருக்கு. மூக்கு எவ்ளோ நீளம், எந்த முடி, எந்த கண்ணுங்கற விவரம் பிளக்இன்ல இருக்கு. அதை வச்சு முன்னாடியே செஞ்சு வச்ச மூஞ்சி மெஷ்ஷும் டெக்ஸ்சரும் ஃபைலா இருக்கு, ஃபேஸ்ஜென்னு சொல்லுவாங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னா கேம் அந்தக் கருப்பு மூஞ்சியக் காட்டும்.

லிடியாவ அழகாக்கற மாட் ஒண்ணு போட்டிருப்பீங்க, அவளோட சண்டைத் திறமைய மாத்தற இன்னொரு மாடும் போட்டிருப்பீங்க. இடது பக்கம் அழகு மாடோட ஃபேஸ்ஜென் ஜெயிச்சிருக்கு, வலது பக்கம் சண்டை மாட் கீழ இருக்கறதால அதோட ரெக்கார்ட் ஜெயிச்சிருக்கு, அதுல இருக்கறது லிடியாவோட பழைய மூஞ்சி. சண்டை மாட் மூஞ்சிய மாத்தவே இல்லன்னாலும், ரெக்கார்ட் முழுசா ஒண்ணா போறதால பழைய மூஞ்சி விவரத்தையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்துடும்.

சுலபமான வழி, அழகு மாடோட பிளக்இன கீழ இறக்கறது, ஆனா அப்போ சண்டை மாற்றம் போயிடும். ரெண்டும் வேணும்னா பிளக்இன் ரெக்கார்டுகள பாத்து மாத்தற எஸ்எஸ்இ எடிட் டூல மாட் ஆர்கனைசர் வழியா திறங்க, லிடியாவோட ரெக்கார்டுக்குப் போங்க, ஒவ்வொரு பிளக்இனும் ஒரு காலமா (column, நெட்டு வரிசை) பக்கம் பக்கமா தெரியும், வலது ஓரத்துல இருக்கறதுதான் ஜெயிக்கறது. ஜெயிக்கற ரெக்கார்டு மேல ரைட் கிளிக் பண்ணி ஓவர்ரைடா ஒரு புது பிளக்இனுக்குள்ள காப்பி பண்ணுங்க, அப்புறம் அழகு மாட் காலம்ல இருக்கற முடி, தோல், மூஞ்சி விவரங்கள இழுத்துட்டு வந்து உங்க புது காலம்ல விடுங்க. சேவ் பண்ணி அந்த பிளக்இன கடைசில வையுங்க. முதல் தடவை பயமா இருக்கும், ஆனா இது கைக்கு வந்துட்டா அடுத்தவங்க ரெண்டு மாட ஒத்துப்போக வைக்கற பேட்ச் போடுவாங்களான்னு காத்துக் கிடக்க வேண்டியதில்ல.

254 பிளக்இனுக்கு மேல போட முடியாதாமே?

இஎஸ்எம், முழு இஎஸ்பிக்குத்தான் அந்த எல்லை. இஎஸ்எல் ஆகவோ, இஎஸ்எல் ஃபிளாக் (சின்ன பிளக்இன்னு காட்டற அடையாளம்) போட்ட இஎஸ்பியாவோ இருந்தா அது எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு இடத்தத்தான் எடுத்துக்கும், அதுல 4096 வரைக்கும் போகலாம். மேல சொன்ன மாதிரி நீங்க செய்யற சின்ன பேட்ச்சுக்கு எல்லாம் இஎஸ்எல் ஃபிளாக் போட்டுடுங்க. பிளக்இனே இல்லாத டெக்ஸ்சர் மாட் இந்தக் கணக்குலயே வராது.

கேம் மெனு வர்றதுக்கு முன்னாடியே மூடிக்குது.

முதல் சந்தேகம் மாஸ்டர் இல்லாத பிளக்இன். ஏதோ ஒரு பேட்ச் போட்டிருப்பீங்க, அது எந்த மாடுக்கான பேட்ச்சோ அந்த மாட் இருக்காது. மாட் ஆர்கனைசர் வலது பக்கத்துல எச்சரிக்கை அடையாளம் காட்டும், அது மேல மவுஸ வச்சா எது இல்லன்னு பேர் சொல்லும். ரெண்டாவது சந்தேகம் வெர்ஷன் தப்பான டிஎல்எல், அதுக்கு எஸ்கேஎஸ்இ கேள்வியப் பாருங்க.

விளையாடிட்டு இருக்கும்போது திடீர்னு கிராஷ் ஆகுது, எந்த மாட்னு எப்படி கண்டுபிடிக்கறது?

அதுக்குத்தான் முதல்லயே கிராஷ் லாகர் போடச் சொன்னது. டாக்குமென்ட்ஸ்ல மை கேம்ஸ், அதுக்குள்ள ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், அதுக்குள்ள எஸ்கேஎஸ்இ ஃபோல்டர்ல லாக் இருக்கும். பாக்க மிரட்டற மாதிரி இருக்கும், ஆனா நீங்க தேடறது அதுல வர்ற மெஷ் பேர், டெக்ஸ்சர் பேர், பிளக்இன் பேர் மட்டும்தான். ரெண்டு மூணு கிராஷ்லயும் ஒரே பேர் திரும்ப வந்தா அங்க இருந்து ஆரம்பிங்க. ஒரே ஒரு லாக்க வச்சு ஒரு மாட் மேல பழி போடாதீங்க.

லாக்ல ஒண்ணும் புரியலன்னா மாட் ஆர்கனைசர்ல உங்க புரொஃபைல (எந்த மாட் ஆன்ல இருக்குங்கற பட்டியல்) புதுசா ஒரு காப்பி எடுத்து, அதுல பாதி மாட அணைச்சு புது கேம்ல பாருங்க. கிராஷ் நின்னுடுச்சுன்னா தப்பு அணைச்ச பாதிலதான் இருக்கு, அதுல பாதிய திரும்பப் போடுங்க, இப்படியே பாதி பாதியா. அணைக்கும்போது ஒரு மாடோட பேட்ச்சையும் சேர்த்து அணைக்கணும், இல்லன்னா முந்தின கேள்விக்குப் போயிடுவீங்க.

ஒரு வீடு முழுக்க ஊதா கலர்ல இருக்கு, ஒரு இடத்துல சிவப்பு முக்கோணம் மாதிரி ஏதோ நிக்குது.

ஊதான்னா டெக்ஸ்சர் ஃபைல் இல்ல. ஆச்சரியக்குறியோட சிவப்பு முக்கோணம்னா மெஷ் இல்ல. கன்சோல திறந்து அந்தப் பொருள் மேல கிளிக் பண்ணினா ஒரு நம்பர் வரும், முதல் ரெண்டு எழுத்து லோட் ஆர்டர்ல எந்த பிளக்இன்னு காட்டும், எஃப்இன்னு ஆரம்பிச்சா அது இஎஸ்எல் வகை, எஃப்எஃப்னா விளையாடும்போது கேமே உருவாக்கினது. அந்த மாட மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க, ரிக்வயர்மென்ட்ஸ்ல ஏதாவது விட்டிருக்கீங்களான்னும் பாருங்க.

எல்லாரும் கைய ரெண்டு பக்கமும் விரிச்சுட்டு சிலை மாதிரி நகர்றாங்க!

டி-போஸ். அனிமேஷன் மாட் போட்டுட்டு அனிமேஷன கேம்ல பதிய வைக்கற நெமிசிஸ், பண்டோரா மாதிரி டூல ஓட்டாம விட்டிருப்பீங்க, இல்ல அந்த மாட எடுத்துட்டு டூல திரும்ப ஓட்டாம விட்டிருப்பீங்க. ஓபன் அனிமேஷன் ரீப்ளேசர்ங்கற மாட் வழியா வர்ற மாட்களுக்கு பெரும்பாலும் இந்த டூல் தேவையில்ல, மாட் பக்கத்துல போட்டிருப்பாங்க.

பாதி விளையாடிட்டேன், இப்போ ஒரு மாட எடுத்துடலாமா?

டெக்ஸ்சர், மெஷ் மட்டும் மாத்தற மாட்னா தாராளமா. ஸ்கிரிப்ட், குவெஸ்ட், புது ஊர், ஃபாலோயர் (கூட வர்ற ஆள்) இருக்கற மாட்னா கூடாது. ஸ்கிரிப்ட் உங்க சேவ் ஃபைலுக்குள்ளயே போய் உக்காந்துடும், மாட எடுத்தாலும் அதோட மிச்சம் சேவ்ல இருக்கும், எடுத்தவுடனே ஒண்ணும் தெரியாது, ரொம்ப நேரம் கழிச்சு ஒரு குவெஸ்ட் நகராம நிக்கும் இல்ல சேவ் லோட் ஆகாது. சேவ் கிளீனர் ஓட்டினா சரியாயிடும்னு சொல்லுவாங்க, அத நம்பி இறங்காதீங்க. மாட் போடறதுக்கு முன்னாடி எடுத்த சேவ் இருந்தா அதுக்குத் திரும்பிப் போறதுதான் பாதுகாப்பு. நடுவுல சேர்க்கறது பரவால்ல, அதுவும் ஆசிரியர் சொன்னா மட்டும்.

கிராஃபிக்ஸ் மாட் போட்டேன், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்ங்கறது) செத்துப்போச்சு.

எல்லாத்துக்கும் 4கே எடுத்திருப்பீங்க. 4கே டெக்ஸ்சர்ல 2கேய விட நாலு மடங்கு பிக்சல், பிசி7 (BC7) முறைல சுருக்கினாக்கூட ஒண்ணே ஒண்ணு 16 எம்பிக்கு மேல வரும். மேசை மேல இருக்கற ஒரு சின்ன கிண்ணத்துக்கு 4கே எதுக்கு? மலைக்கும் தரைக்கும் வேணா 4கே, மத்ததுக்கு 2கே, சின்னப் பொருளுக்கு 1கேயே போதும். வெளிச்சம், நிழல மாத்தற ஈஎன்பி போட்டிருந்தா அதுவும் ஜிபியூவ (கிராஃபிக்ஸ் கார்ட) நல்லா தின்னும், கார்டு சுமாரா இருந்தா அதுக்குப் பதிலா கம்யூனிட்டி ஷேடர்ஸ் முயற்சி பண்ணுங்க.

எஃப்பிஎஸ் ரொம்ப நல்லா வருது, ஆனா ஆரம்பத்துல வர்ற குதிரை வண்டி பறக்குது!

கேமோட பிசிக்ஸ் 60 எஃப்பிஎஸ்க்குன்னு வச்சது, அதுக்கு மேல போனா வண்டி ஆடும், மேசைல இருக்கற சாமான் எல்லாம் சிதறும். எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ்ங்கற மாட் போட்டா சரியாயிடும், இல்ல 60ல லாக் பண்ணுங்க.

மாட் போட்டதுல இருந்து அச்சீவ்மென்ட் வரல.

கேமே அணைச்சுடுது. எஞ்சின் ஃபிக்ஸஸ் செட்டிங்ஸ்ல அதைத் திரும்பப் போட வழி இருக்கு.

பழைய ஸ்கைரிம் மாட் ஒண்ணு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஸ்பெஷல் எடிஷன்ல போடலாமா?

டிஎல்எல் இருக்கற மாட்னா முடியவே முடியாது. டெக்ஸ்சர் மட்டும்னா பெரும்பாலும் அப்படியே ஓடும். மெஷ் இருந்தா கதீட்ரல் அசெட்ஸ் ஆப்டிமைசர்ல ஒரு தடவை ஓட்டணும், பிளக்இன் இருந்தா பெத்தெஸ்டாவோட கிரியேஷன் கிட் டூல்ல திறந்து சேவ் பண்ணி ஃபார்ம் (பிளக்இனோட வடிவ எண்) 43ல இருந்து 44க்கு மாத்தணும். முதல்ல யாராவது ஏற்கனவே மாத்திப் போட்டிருக்காங்களான்னு தேடிப் பாருங்க.

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, யாரோ ஏற்கனவே அடுக்கி வச்ச ரெடிமேட் மாட் லிஸ்ட் போட்டா என்ன?

போடலாம், தப்பே இல்ல. வாபாஜாக் லிஸ்ட், நெக்ஸஸ் கலெக்ஷன்ஸ் ரெண்டும் இருக்கு. வாபாஜாக்ல எல்லாம் தானா இறங்கணும்னா நெக்ஸஸ் பிரீமியம் (காசு கட்டற மெம்பர்ஷிப்) வேணும், இல்லன்னா ஒவ்வொண்ணா கிளிக் பண்ணணும். ஒரே நிபந்தனை, அந்த லிஸ்ட் மேல நீங்களா இருபது மாட் போட்டுட்டு லிஸ்ட் பண்ணவங்க கிட்ட உதவி கேக்கக் கூடாது, அவங்க டெஸ்ட் பண்ணது அந்த வரிசைய மட்டும்தான். கத்துக்கணும்னு ஆசை இருந்தா சொந்தமா சின்னதா ஒண்ணு கட்டுங்க.

லிடியா பேட்ச் மாதிரி நானே ஒண்ணு பண்ணிட்டேன், நெக்ஸஸ்ல போடலாமா?

போடுங்க, அதே ரெண்டு மாட் வச்சிருக்கற இன்னொருத்தருக்கு உபயோகப்படும். ஆனா போடறதுக்கு முன்னாடி ரெண்டு மாட் பக்கத்துலயும் பெர்மிஷன்ஸ் பகுதிய திறந்து பாருங்க. உங்க பிளக்இன் மட்டும் போட்டு, ஒரிஜினல் மாட் ரெண்டும் தேவைன்னு ரிக்வயர்மென்ட்ஸ்ல குறிப்பிட்டா பெரும்பாலானவங்க ஒத்துக்குவாங்க. அவங்களோட மெஷ்ஷோ டெக்ஸ்சரோ ஃபேஸ்ஜென்னோ உங்க ஃபைல்ல சேர்க்கறதா இருந்தா அனுமதி இல்லாம கூடாது, பக்கத்துல தெளிவா இல்லன்னா மெசேஜ் போட்டு கேளுங்க, பதில் வரலன்னா சேர்க்காம விடுங்க. அப்புறம் எந்த வெர்ஷன் மாடுக்காக பண்ணீங்கன்னு எழுதுங்க, அவங்க அப்டேட் பண்ணினா உங்க பேட்ச்சையும் திரும்பத் திறந்து பாக்கணும்.